நோயாளர் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால்

கொழும்பு வைத்தியசாலைகளில் புதிதாக வேலை தொடங்கும் தாதியருக்கு: நோயாளர் உங்களை நம்புகிறாரா என்பதை அவருடைய சிரிப்பை வைத்து எடைபோடாதீர்கள். போடாமல் விட்ட குளிசையைப் பற்றி உங்களிடம் வாய் திறக்கிறாரா என்று பாருங்கள்.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டால் "ஓம் மிஸ்" என்றுதான் வரும். ஏச்சு விழுமென்ற பயம். "போன கிழமை எத்தனை நாள் விடுபட்டது? எல்லாருக்கும் விடுபடுறதுதான்" என்று கேளுங்கள். நீரிழிவுக் குளிசையான மெட்ஃபோர்மின் வயிற்றைக் கலக்குகிறது, நோன்பு காலத்தில் எப்படிப் போடுவதென்று தெரியவில்லை, நாட்டு வைத்தியரிடம் கசாயம் குடிக்கிறேன் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கசாயம் என்றதும் முகம் சுளித்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். என்ன கசாயம், எவ்வளவு காலமாக என்று கேட்டு எழுதி, டொக்டருக்குச் சொல்லுங்கள்.

மலையகத்திலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட அம்மாவுக்குச் சிங்களம் வராது, கூட வந்த மகன் மொழிபெயர்க்கிறார் என்று வையுங்கள். மாதவிலக்கோ சிறுநீர்க் கசிவோ மகன் வாயால் கேட்கப்பட்டால் "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்லுவார். தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிட்டு, மகனை வெளியே நிற்கச் சொல்லி, திரையை இழுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

மருந்தும் சேலைனும் ஏற்ற நரம்பில் கெனியூலா என்ற சிறு குழாய் போடும்போது "நோகாது" என்று சொல்லவே வேண்டாம். அடுத்த நிமிடமே நொந்துவிடும், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். முதலில் பெயரை அவர் வாயாலேயே சொல்லவைத்து டிக்கட்டோடு (நோயாளரின் சிகிச்சைக் குறிப்புத் தாளோடு) சரிபாருங்கள். எந்தக் கையால் சாப்பிடுவார், முன்பு எந்தக் கையில் நரம்பு கிடைக்கவில்லை என்று கேளுங்கள். தன் நரம்பு அவருக்குத்தான் தெரியும். டயலிசிஸ் ஃபிஸ்டியூலா (இரத்தம் சுத்திகரிக்க இரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையைத் தொடாதீர்கள். ஸ்பிரிட் நன்றாகக் காயட்டும், ஈரத்தோடு குத்தினால் எரியும். "இப்ப குத்தப்போறேன், கொஞ்சம் நோகும்" என்று சொல்லிவிட்டே குத்துங்கள். 2 தடவை தவறினால் மன்னிப்புக் கேட்டு இன்னொருவரைக் கூப்பிடுங்கள். நீங்களே மூன்றாவது தடவை குத்த வேண்டவே வேண்டாம். சேலைன் ஓடும்போது வீங்கினாலோ எரிந்தாலோ, நடுச்சாமம் என்றாலும் கூப்பிடச் சொல்லுங்கள்.

"இப்ப வாறேன்" என்பதும் ஆபத்தான சொல். "மருந்து குடுத்து முடிய வாறேன்" என்று சொல்லுங்கள். முடியாமல் போனால் ஆள் அனுப்பியாவது அறிவியுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் அவசரத்தில் அதிகம் கோட்டைவிடுகிறோம். "விளங்கினதா?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். இன்சுலின் போடுபவரென்றால், கலங்கலான வகை இன்சுலின் போத்தலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, சிரிஞ்சில் அளவெடுத்து அவரே காட்டட்டும். "ஃபிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்காதீர்கள், இல்லையென்று சொல்ல வெட்கப்படுவார்கள். "வீட்டில இதை எங்க வைப்பீங்க?" என்று கேளுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாதவருக்கு: பெரிய மண்சட்டியில் ஈரமணல், அதற்குள் சிறிய மண்சட்டி, அதில் பொலித்தீனில் சுற்றிய போத்தல், மேலே ஈரத்துணி, வெயில் படாத மூலை. ஃபிரிட்ஜ் உள்ளவரிடம் ஃபிரீசருக்குள் வைக்கக்கூடாதென்று சொல்லுங்கள், உறைந்த இன்சுலின் உதவாது. திறந்த திகதியைப் போத்தலிலேயே எழுதிக்கொடுங்கள். பொதுவாக 4 கிழமைக்கு மேல் பாவிப்பதில்லை.