110-3: ஒரு சாக்கெட்டுக்காக நின்ற எக்ஸ்கவேட்டர்

கரூர் பக்கம் கல்குவாரி, பிரேக்கர் (பாறை உடைக்கும் சுத்தியல்) மாட்டிய 20 டன் எக்ஸ்கவேட்டர். இன்ஜின் நன்றாகச் சூடேறி பிரேக்கர் அடிக்கத் தொடங்கியதும் டெம்பரேச்சர் முள் பாதிக்கு இறங்கும். அப்புறம் ஒரேயடியாக விழும். ஃபேன் முழு வேகத்தில் அலறும், திரையில் கோளாறு கோடு: எஸ்.பி.என். (எந்த அளவீடு) 110, எஃப்.எம்.ஐ. (எந்த வகைக் கோளாறு) 3. பிரேக்கரை நிறுத்தினால் முள் தானே எழுந்துவிடும். வண்டி மூன்று நாள் நின்றது. அதில் இரண்டு நாள் நாங்களே கெடுத்துக்கொண்டது.

110 என்பது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம். 3 என்றால் சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல், அதாவது ஓபன், சுற்று எங்கோ விட்டிருக்கிறது. 4 என்றால் வோல்டேஜ் அளவுக்குக் கீழே, அதாவது ஷார்ட். இந்தக் கோளாறு எண்ணைப் பார்த்ததும் கை நேராக சென்சாருக்குத்தான் போகும், போனது.

கோவை வரை போய் புது சென்சார் வாங்கினோம். கவுன்டரில் இருந்தவர் பழைய சென்சாரின் திரெட்டை ஒரு நட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதேதாண்ணே, போடுங்க" என்றார். பார்ட் நம்பரைக் காட்டினால், "நம்பரெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும்ணே" என்று பதில். திரெட் ஒன்று, கனெக்டர் ஒன்று, நீளமும் ஒன்று. உள்ளே இருக்கும் தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏற்ப ஓம் மாறும் பாகம்) வேறு என்பது வெளியே எப்படித் தெரியும்?

புதியதை மாட்டி ஓட்டினால் முள் 110 டிகிரிக்கு ஏறி, அலாரம் அடித்து, இன்ஜின் பவரைக் குறைத்துவிட்டது. ஓபன் கோளாறு போய் ஓவர்ஹீட் வந்ததாக நினைத்து ரேடியேட்டரைக் கழுவினோம். தெர்மோஸ்டாட்டை (சூடேறினால் கூலன்ட் பாதையைத் திறக்கும் வால்வு) கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தோம், சரியாகவே திறந்தது. அரை நாள், ஒரு கேஸ்கெட், சிந்திய கூலன்ட், எல்லாம் தண்டம். ஐ.ஆர். கன்னை (தொடாமல் சூடு அளக்கும் கருவி) முதலிலேயே எடுத்திருந்தால் அஞ்சே நிமிட வேலை: தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் 84 தான். பளபளப்பான உலோகத்தில் ஐ.ஆர். கன் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி, அது சூடேறிய பிறகு டேப்பின் மேல் அளக்க வேண்டும். ஹவுசிங் உள்ளே இருக்கும் கூலன்ட்டைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் காட்டும். 26 டிகிரி வித்தியாசம் வந்தால் பொய் சொல்வது சென்சார் பக்கம்.

பிறகுதான் இரண்டு சென்சாரையும் 80 டிகிரி வெந்நீரில், நுனி மட்டும் முழுகும்படி பிடித்து ஓம் அளந்தோம். பழையது 325. புதியது 170. இந்த வண்டியின் மேனுவல் கணக்கு 20 டிகிரியில் 2,500 ஓம், 80-ல் 320 சொச்சம், 100-ல் 186. சூடு ஏற ஏற ஓம் குறையும் வகை. 170 ஓமைப் பார்த்த ஈ.சி.எம். (இன்ஜினின் கம்ப்யூட்டர்) தண்ணீர் 100-ஐத் தாண்டிவிட்டதாக நினைத்ததில் தப்பே இல்லை. உங்கள் வண்டியின் அட்டவணை வேறாக இருக்கலாம், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த சென்சாரையும் மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் ஒரே சூட்டில் அளந்துவிடுங்கள்; நிழலில் வைத்து அளந்தாலே பெரிய வித்தியாசம் பிடிபடும்.

பழைய சென்சார் நல்லது என்று தெரிந்து திரும்ப மாட்டினோம். 110-3 திரும்ப வந்தது. அடுத்து ஹார்னஸ், அதாவது சென்சாருக்கு வரும் வயர் கட்டு. சாவி ஆனில் வைத்து கனெக்டரைக் கழற்றினால் ஹார்னஸ் பக்கம் 5 வோல்ட், சரி. சென்சாருக்கு வரும் இரண்டு வயர்களான சிக்னலையும் ரிட்டர்னையும் ஜம்பர் வயரால் இணைத்தால் கோடு 3-லிருந்து 4-க்கு மாறியது. அப்படியென்றால் ஈ.சி.எம்.மும் வயரும் அந்த நேரத்தில் நலம். (24 வோல்ட் சப்ளை வயரோடு மட்டும் இணைத்துவிடாதீர்கள்.) வயர் தொடர்ச்சி 1 ஓமுக்கும் கீழே. எர்த்தோடு மின் கசிவு இல்லை. எல்லாம் பாஸ்.

இங்கேதான் ஏமாந்தோம். மல்டிமீட்டர் முள்ளும் ஜம்பர் நுனியும் தடிமன்; கனெக்டரில் பின் நுழையும் சாக்கெட்டில் இறுக்கமாக உட்கார்ந்து நல்ல ரீடிங் கொடுத்துவிடும். சென்சாரின் பின் அதைவிட மெல்லியது. அதே அளவுப் புதுப் பின் ஒன்றை எடுத்து இரண்டு சாக்கெட்டிலும் செருகி இழுத்துப் பார்த்தோம். சிக்னல் சாக்கெட் பிடித்தது. ரிட்டர்ன் சாக்கெட்டில் பின் தானே நழுவி விழுந்தது. முன்பு யாரோ மீட்டர் முள்ளை முன்பக்கமாகக் குத்தி வாயை விரித்த தடம் உள்ளே பளிச்சென்று தெரிந்தது. அளப்பதானால் பின்பக்கம் சீல் வழியாக மெல்லிய பேக் ப்ரோப் (ஊசி போன்ற அளவு முனை) வைத்து அளக்க வேண்டும். வயர் தோலைக் குத்தி அளப்பது அதைவிட மோசம், அடுத்த வாட்டர் சர்வீஸுக்குள் தண்ணீர் புகுந்து உள்ளே செம்பில் பச்சை பூத்துவிடும்.

சூடேறினால்தான் கோளாறு தெரிந்ததற்கும் கணக்கு உண்டு. லூஸ் தொடர்பு 500 ஓம் சேர்க்கிறது என்று வையுங்கள். 30 டிகிரியில் சென்சார் 1,700, கூட்டினால் 2,200. ஏழெட்டு டிகிரிதான் குறையும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 85 டிகிரியில் சென்சார் 280, கூட்டினால் 780, ஈ.சி.எம். அதை 50 சொச்சமாகப் படிக்கும். பிரேக்கர் அதிர்வில் தொடர்பு முழுதாக விட்டால் கோடு 3, ஃபேன் முழு வேகம்.

பழுது பார்த்தது இருபது நிமிடம்: சாக்கெட்டைக் கழற்றி, சரியான கிரிம்ப் டூலில் (வயரை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கருவி) புதியது அடித்து, பூட்டு சொடுக்கும் வரை தள்ளி, ஹார்னஸை ஒரு கிளாம்ப்பில் கட்டினோம். சால்டர் வேண்டாம், அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில் வயர் ஒடியும். சென்சாரைக் கழற்றிய வண்டியில் கூலன்ட்டுக்குள் சிக்கிய காற்றைப் போக்கி, ஆறிய பிறகு கூலன்ட் லெவலை மறுபடி பாருங்கள். நுனி காற்றில் நின்றால் நல்ல சென்சாரும் தப்பாகத்தான் சொல்லும்.

இப்போது முழுநாள் பிரேக்கர் அடித்தும் 84-லிருந்து 88-க்குள் நிற்கிறது, ஃபேன் சத்தமும் அடங்கிவிட்டது. புது சென்சாரைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. மாட்டிப் பார்த்த எலக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாதாம்.