ஸயான் பள்ளத்தாக்குக்குப் பேருந்தில் செல்லுங்கள்

லாஸ் வேகஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களில், யூட்டா மாநிலத்தின் ஸயான் தேசியப் பூங்காவுக்கு இணையாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தூரத்தை இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால், வாடகைக் காரிலேயே பள்ளத்தாக்கின் கடைசிவரை போய்விடலாம் என்று நம்மவர் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மார்ச் முதல் நவம்பர் வரை, உள்ளேயுள்ள விடுதியில் அறை எடுத்தவர்களைத் தவிர வேறு யாருடைய காரும் அந்தச் சாலையில் அனுமதிக்கப்படுவதில்லை; எல்லோரும் பூங்காவின் ஷட்டில் பேருந்தில்தான் செல்ல வேண்டும்.

இந்த ஏற்பாடு 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. செங்குத்தான செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே, வர்ஜின் ஆற்றை ஒட்டிச் செல்லும் அந்தச் சாலை சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ளது. போன வழியே திரும்ப வேண்டிய முட்டுச்சாலை. ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரும் பூங்காவில், ஆளுக்கொரு காரில் வந்தால் நிறுத்துவதற்கு அங்கே இடம் ஏது? இப்போது ஓடுபவை அனைத்தும் மின்சாரப் பேருந்துகள். இறங்கிய பிறகு ஆற்றின் ஓசை காதில் விழுகிறதே, அதற்காகவே வரிசையில் நிற்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

பேருந்துத் தடங்கள் இரண்டு. பூங்கா வாயிலை ஒட்டிய ஸ்ப்ரிங்டேல் ஊருக்குள் ஓடுவது ஒன்று. பூங்காவின் பார்வையாளர் மையத்திலிருந்து பள்ளத்தாக்குக்குள் செல்வது மற்றொன்று. இரண்டுக்கும் பயணக் கட்டணம் இல்லை. பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும் தனி. மையத்தின் வாகன நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடுவதால், காரை ஊரிலேயே நிறுத்திவிட்டு முதல் தடத்தில் ஏறி, பூங்கா வாயிலில் இறங்கி, ஆற்றின் மீதுள்ள நடைபாலத்தைக் கடந்து இரண்டாவது தடத்தைப் பிடிப்பதே சிறந்தது. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவைவிட யூட்டாவின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆறு மணிக்குப் புறப்பட்டால், நீங்கள் சேரும்போது அங்கே ஒன்பதரை ஆகியிருக்கும்.

ஏறியதும் இடையில் எங்கும் இறங்காமல், முக்கால் மணி நேரப் பயணத்தின் முடிவிலுள்ள ‘டெம்பிள் ஆஃப் சினவாவா’ நிறுத்தத்துக்கு நேராகச் சென்றுவிட்டு, திரும்பும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதையே நான் பரிந்துரைப்பேன். கடைசி நிறுத்தத்தில் தொடங்கும் ஆற்றோர நடைபாதை பெரும்பாலும் சமதளமானது என்பதால், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். அந்தப் பாதை முடியும் இடத்தில்தான், ஆற்றுநீருக்குள்ளேயே நடந்து செல்லும் புகழ்பெற்ற ‘நாரோஸ்’ என்ற குறுகலான பள்ளத்தாக்கு தொடங்குகிறது. வரும் வழியில் விடுதி நிறுத்தத்தில் இறங்கினால் மரகதக் குளங்களுக்குப் போகலாம். ‘ஏஞ்சல்ஸ் லேண்டிங்’ உச்சிக்கு ஏற விரும்புவோர் ‘க்ரோட்டோ’ நிறுத்தத்தில் இறங்க வேண்டும்; 2022 முதல் அதற்குக் குலுக்கல் முறையில் முன்னனுமதி பெறுவது கட்டாயம்.

கடைசிப் பேருந்தின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஏறுவதற்கு முன்பே நிறுத்தத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால், இருட்டில் பார்வையாளர் மையம் வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்க நேரிடும்.