புக்கிட் தீமா சாலையின் பலகைகள்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா சாலையில் காரில் விரைபவர்களுக்கு அது ஒரு பள்ளத்தாக்கு என்று தோன்றுவதே இல்லை. டனர்ன் சாலைக்கும் அதற்கும் நடுவே ஓடும் கால்வாயை ஒட்டி நடந்து பார்த்தால்தான் இருபுறமும் நிலம் மேலேறிச் செல்வது புலப்படும். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் காய்கறிக் கொல்லைகளும் கல்லுடைப்பு மலைகளுமாக இருந்த இந்த நாட்டுப்புறத்தின் கடந்த காலத்தை இன்று நமக்குச் சொல்லும் பொறுப்பு, சாலையோரத்தில் நிற்கும் சில வரலாற்றுப் பலகைகளின் மேல் விழுந்திருக்கிறது. அவற்றை நின்று படிக்கும் வழக்கமுள்ள எனக்கு அவற்றின் மேல் ஒரு மனக்குறை உண்டு.

விரித்து வைத்த புத்தகத்தின் வடிவில் அமைந்த போர் நினைவுப் பலகைகளைத் தீவெங்கும் காணலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1995இல் நிறுவத் தொடங்கிய அவற்றில் நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளோடு ஜப்பானிய மொழியும் இடம்பெற்றிருக்கிறது. 1942 பிப்ரவரி 8 இரவு ஜொகூர் நீரிணையைக் கடந்த ஜப்பானியப் படை, உணவும் எரிபொருளும் குவித்து வைத்திருந்த புக்கிட் தீமாவை மூன்றே நாளில் பிடித்ததும், பிப்ரவரி 15 அன்று மேல் புக்கிட் தீமா சாலையின் ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்ததும் நாம் மறக்கக் கூடாத செய்திகள்தாம். ஆனால் அந்தப் படைகள் வந்த சாலையை அமைத்தவர்கள் யார்?

1825 ஏப்ரலில், சுமத்ராவில் பிரிட்டிஷார் வசமிருந்த பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். முதலில் வந்த 80 பேர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். அடுத்து வந்தவர்கள் வங்காளத்தார். அப்போது தொடங்கி 1873இல் பிராஸ் பாசாவில் இருந்த கைதிச் சிறை கலைக்கப்படும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், சதுப்பு நிலத்தைத் தூர்ப்பதும் செங்கல் சுடுவதும் கல் உடைப்பதும் சாலை போடுவதும் அவர்கள் வேலையாக இருந்தன. 1845இல் கிராஞ்சி வரை எட்டிய புக்கிட் தீமா சாலை அவர்கள் உழைப்பில் உருவானது. காட்டை அழித்து மிளகும் தோல் பதனிட உதவும் காம்பியரும் பயிரிட்ட சீனக் குடியானவர்களைப் புலிகள் தொடர்ந்து கொன்றுவந்தபோது, அவற்றை வேட்டையாடவும் இதே கைதிகளில் சிலரைத்தான் அனுப்பினார்கள். கைதிகளைக் கொண்டே கைதிகளைக் கண்காணிக்கும் முறையும் இங்கே நடைமுறையில் இருந்தது. அதைச் செலவில்லாத நிர்வாகம் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் மெச்சிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

இதே பள்ளத்தாக்கின் மேற்கே புக்கிட் பாத்தோக் குன்றுக்குப் போனால் வேறொரு நடைமுறையைக் காணலாம். அங்கே ஜப்பானியர் தங்கள் மாண்ட வீரர்களுக்காக எழுப்பிய நினைவுச்சின்னத்தையும் அதற்கு ஏறிச் செல்லும் பாதையையும் அமைத்தவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள். சின்னம் 1945இல் இடிக்கப்பட்டுவிட்டது; படிக்கட்டுகள் எஞ்சியிருக்கின்றன. ஆயினும் அங்கே பலகை நிற்கிறது. ஒரு கைதியின் உழைப்பு பலகைக்கு உரியது, இன்னொரு கைதியின் உழைப்பு சாலையோடு சாலையாகப் போகட்டும் என்று யாரும் திட்டமிட்டு முடிவெடுத்திருக்க மாட்டார்கள். போருக்குத் தேதி உண்டு. தளபதிகளும் புகைப்படங்களும் உண்டு. இருபது ஆண்டுகள் மண் சுமந்தவனுக்கு இவை எதுவும் கிடையாது. அதோடு, விடுதலையான கைதிகளில் பலர் இங்கேயே மணமுடித்து, மாடு வளர்த்து, வண்டி ஓட்டி ஊரோடு கலந்துவிட்டார்கள். தன் பாட்டன் காலில் விலங்கோடு வந்தவர் என்று சொல்லிக்கொண்டு பலகை கேட்டுப் போக எந்தக் குடும்பம் முன்வரும்? கைதிகள் கட்டிய புனித அந்திரேயா தேவாலயத்தையும் அதிபர் மாளிகையான இஸ்தானாவையும் பற்றிப் பேசும்போதாவது கைதிகளின் பெயர் அடிபடுகிறது. கட்டடத்துக்கு இருக்கும் மதிப்பு சாலைக்கு இல்லை.

என் பெரியப்பா இன்றும் பியூட்டி வோர்ல்டு கடைத்தொகுதி இருக்கும் இடத்தை ஏழாவது கட்டை, அதாவது ஏழாவது மைல், என்றே சொல்வார். தலைமை அஞ்சலகத்திலிருந்து அளந்து நட்ட மைல்கற்கள்தாம் இந்தச் சாலையின் முதல் பலகைகள். ஊர்களும் கடைத்தெருக்களும் அவற்றின் எண்ணாலேயே பெயர் பெற்றன. கிலோமீட்டர் கணக்கு வந்த பிறகு அந்தக் கற்கள் போய்விட்டன. புக்கிட் தீமா மலையடிவாரத்தில் ஹிண்ட்ஹீட் என்ற டேனிஷ் பொறியாளரின் பெயர் சாலைக்கும் கல்லுடைப்புக் குழிக்கும் நிலைத்திருக்கிறது. அக்குழியில் கல் உடைத்தவர்களின் பெயரை நான் எந்தப் பலகையிலும் கண்டதில்லை. போர்ப் பலகையில் தமிழ் எழுத்து இருக்கிறது. கைதிகளைப் பற்றி இந்தச் சாலையில் தமிழிலோ வேறு மொழியிலோ ஒரு வரியைக்கூட நான் படித்ததில்லை.

அப்படியொரு பலகை வைப்பதானால் அதற்கான இடம் மலையுச்சிக்கு ஏறும் பாதையின் தொடக்கமே. அந்தப் பாதையையும் 1843இல் கைதிகளே வெட்டினார்கள். வார இறுதிகளில் மலையேற வரும் கூட்டம் எப்படியும் அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுகிறது. மூன்று வரிகள் போதும்: எந்த ஆண்டு, எங்கிருந்து வந்தவர்கள், என்ன தண்டனையின் கீழ் இதை வெட்டினார்கள்.