கேள்வி நேரத்துக்காக ஒரு கூட்டம்

புத்தகம் எழுதியவரை நேரில் பார்த்துக் கேள்வி கேட்பதற்குப் பணம் தடையாக இருக்கக் கூடாது. இந்த எண்ணத்தில்தான் நண்பர்கள் சிலரும் நானும் ஒரு சமூகக் கூடத்தில் எழுத்தாளர் உரைகளை நடத்த ஆரம்பித்தோம். கதைக்கும் கவிதைக்கும் மேடைகள் உண்டு. அறிவியல், வரலாறு, மருத்துவம், பொறியியல் என்று பல வருடம் உழைத்து எழுதியவர்கள் பொதுமக்கள் முன் உட்கார்ந்து பதில் சொல்லும் இடங்கள்தான் குறைவு.

முதல் விவாதம் கட்டணத்தைப் பற்றி. முழுக்க இலவசமாக்கி விடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஏற்கெனவே கூட்டம் நடத்திப் பழகியவர்கள் தடுத்தார்கள். இலவசம் என்றால் கையோடு பதிவு செய்துவிட்டு, அன்று மாலை வராமல் இருந்துவிடுபவர்கள் நிறைய. இடமில்லை என்று நாம் திருப்பி அனுப்பியவருக்கு அந்த நாற்காலி பயன்பட்டிருக்கும். அதனால் சிறு தொகை ஒன்று வைத்தோம். முடிந்தவர்கள் கூடுதலாகத் தரலாம். முடியாதவர்கள் பதிவு செய்யும்போதே கட்டணமில்லா இருக்கையைத் தேர்ந்துகொள்ளலாம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டோம். இரண்டு வகைக்கும் ஒரே நிறச் சீட்டு, வாசலில் ஒரே வரிசை. காசு கொடுக்காமல் வந்தவர் யார் என்று வாசலில் சீட்டு வாங்கும் தன்னார்வலருக்குக்கூடத் தெரியக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தோம்.

நியூயார்க்கில் 1921-ல் திறக்கப்பட்ட டவுன் ஹாலைப் பற்றிப் படித்தபோது இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பலம் கிடைத்தது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்கள் கட்டிய அரங்கம் அது. பணக்காரர்களுக்கென்று தனி மாடம் எதுவும் அங்கே வைக்கவில்லை. எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் மேடை மறையாது. அதற்கும் முன்பே, 1826-ல், மாசசூசெட்ஸின் மில்பரி என்ற சிற்றூரில் ஜோசையா ஹோல்புரூக் தொடங்கிய லைசியம் அமைப்பு ஊர் ஊராகப் பரவி, சாதாரண மக்கள் கூடி விரிவுரை கேட்கும் பழக்கத்தை வளர்த்திருக்கிறது.

எழுத்தாளரை அழைப்பது நினைத்ததைவிட எளிது. புத்தகம் புதிதாக வந்திருக்கும் சமயத்தில் பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினால் போதும். எத்தனை இருக்கை, யார் வருவார்கள், எவ்வளவு நேரம், புத்தக விற்பனை உண்டா, உரையை வீடியோ எடுப்போமா, பயணச் செலவும் தங்கும் செலவும் யாருடையது என்பதெல்லாம் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். புத்தகம் விற்கத்தானே வருகிறார் என்று எண்ணிச் சன்மானத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது சரியில்லை. சிறு தொகையானாலும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுவது மரியாதை. வீடியோ எடுப்பதற்கு எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். திரையில் காட்டும் படங்கள் பிறருடையவை என்றால் அவற்றின் உரிமை தனி விஷயம்.

இழுபறி வந்தது நேரத்தில்தான். பாலங்கள் இடிந்த வரலாற்றை எழுதிய பொறியாளர் ஒருவர், புத்தகம் முழுவதையும் ஒரே மாலையில் சொல்லிவிடும் ஆசையோடு பெரிய படத்தொகுப்பு ஒன்றை அனுப்பினார். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1813-ல் நண்பருக்கு எழுதிய கடிதங்களில் விரிவுரை நடத்துவது பற்றி விரிவாகவே யோசித்திருக்கிறார்; யாருக்குமே ஒரு மணி நேரம் போதும் என்பது அவர் கருத்து. நாங்கள் அதையும் குறைத்து, உரைக்கு அரை மணி, கேள்விக்கும் அதே அளவு நேரம் என்று கேட்டோம். ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் பேசுங்கள் என்றோம். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் 1967 டிசம்பரில் ஒஹாயோ ஆற்றில் விழுந்த சில்வர் பாலம். ஒரு பட்டையில் விட்ட விரிசலால் 46 பேர் இறந்த விபத்து. உரை முடிந்ததும் உடனே கேள்விக்குப் போகாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார் நெறியாளர். இதைப் புதிதாகக் கூட்டம் நடத்தும் எல்லோருக்கும் சொல்வேன். மனதில் கிடந்த கேள்வியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவருக்கு மைக்கைப் பார்த்தால் பயம் வருவதில்லை.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். வெல்டிங் வேலை செய்து ஓய்வு பெற்றவராம். “விரிசல் விட்டால் துரு கோடு மாதிரி இறங்குமே ஐயா, சோதனைக்குப் போனவர்கள் கண்ணில் அது எப்படிப் படவில்லை?” என்று கேட்டார். பொறியாளர் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசை அருகே வந்துவிட்டார். விரிசல் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழம்தான். கண் போன்ற துளை வைத்த இரும்புப் பட்டையில், இணைப்பின் உள்பக்கம் ஒளிந்திருந்தது. இணைப்பைக் கழற்றாமல் அன்று யாரும் பார்த்திருக்க முடியாது என்று இரு கை விரல்களையும் கோத்துக் காட்டினார். “அப்படியானால் கழற்றிப் பார்க்க முடியாத மாதிரி கட்டியதே தப்பு” என்றார் பெரியவர். ஒரு பட்டை போனால் சுமையைத் தாங்க வேறு வழியில்லாத வடிவமைப்பைப் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. உரையில் அந்த விளக்கத்துக்கு அவர் இடமே வைத்திருக்கவில்லை. அந்தக் கேள்வி வராவிட்டால் நாங்கள் அதைக் கேட்காமலே கலைந்திருப்போம்.

மைக்கை யார் கையிலும் கொடுப்பதில்லை. தன்னார்வலரே பிடித்துக்கொள்வார், கேள்வி சொற்பொழிவாக நீண்டால் நெறியாளர் பணிவாக இடைமறிக்க அது வசதி. எழுந்து பேசக் கூச்சப்படுபவர்களுக்குத் துண்டுச் சீட்டும் பேனாவும் நாற்காலியிலேயே வைத்திருப்போம். காது மந்தமானவர்களுக்காக ஒவ்வொரு கேள்வியையும் நெறியாளர் மைக்கில் திருப்பிச் சொல்வார்.

முடிந்த பிறகு கையெழுத்து வாங்க நின்ற வரிசையில் பாதிப் பேர் கையில் புத்தகம் இல்லை. நூலகத்தில் எடுத்துப் படிக்கப் போவதாகச் சொன்னார்கள், துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவரும் எல்லோருக்கும் பெயர் கேட்டு எழுதிக் கொடுத்தார். இப்போது அடுத்த உரைக்கான கடிதங்கள் போயிருக்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றி எழுதிய ஒரு மருத்துவர் சம்மதித்திருக்கிறார். அவருக்கான கேள்விகளை நூலகத்தில் ஒரு பெட்டி வைத்து முன்கூட்டியே வாங்கத் தொடங்கிவிட்டோம்.