சூடான டயரில் எத்தனை பி.எஸ்.ஐ.?

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டும் ட்ராக் டே நடக்கும் நாள்களில், முன்பின் அறிமுகமில்லாதவர்கள்கூட ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "என்ன டயர் போட்டிருக்கிறீர்கள்?" என்பதுதான். எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) காற்று வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர் குறைவு. அதை ஓட்டி முடித்த சூட்டில் அளந்தீர்களா, காலையில் வண்டியை இறக்கியவுடன் அளந்தீர்களா என்று கேட்பவர் அதனினும் குறைவு. என் கருத்தில், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய டயர் தன் வேலையைச் செய்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கடைசிக் கேள்விக்கான விடைதான்.

ரப்பர் தரையைப் பற்றும் விதம் இரண்டு. தார்ப்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் சற்றுத் தாமதித்துத் திரும்புவதால் அது அங்கே சிக்கிக்கொள்கிறது. தவிர, மூலக்கூறுகளின் அளவில் தரையோடு ஒட்டவும் செய்கிறது. இரண்டுமே வெப்பநிலையைச் சார்ந்தவை. குளிர்ந்த ரப்பர் விறைப்பாக இருப்பதால் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்காது. அளவுமீறிச் சூடானதோ மேற்பரப்பு குழைந்து வழுக்கத் தொடங்கும். சூட்டை உண்டாக்குவதில் பெரும்பங்கு டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் நசுங்கி மீள்வதற்கு உண்டு. காற்றைக் குறைத்தால் தரையைத் தொடும் பகுதி விரியும், டயர் அதிகம் நசுங்கும், அதனால் அதிகம் சூடாகும். ஆகவே காற்றழுத்தம் என்பது டயரின் வெப்பத்தை நாம் கையால் திருப்பி வைக்கக்கூடிய ஒரே குமிழ்.

ஆனால் அந்த அழுத்தம் வைத்த இடத்தில் நிற்பதில்லை. பள்ளிக்கூட இயற்பியலே இங்கே போதும். 30 டிகிரி செல்சியஸில் 32 பி.எஸ்.ஐ. காட்டும் டயர், உள்ளிருக்கும் காற்று 70 டிகிரியை எட்டும்போது ஏறத்தாழ 38 பி.எஸ்.ஐ. காட்டும். நெடுஞ்சாலைக்கென்று வைத்த அழுத்தத்தோடு அப்படியே தடத்தில் இறங்குபவர், சில சுற்றுகளிலேயே, தான் வைத்ததைவிடக் கணிசமாக உப்பிய, தரையைக் குறைவாகத் தொடும் டயரில் ஓட்டிக்கொண்டிருப்பார். "முதல் சில சுற்று நன்றாக இருந்தது, அப்புறம் பின்சக்கரம் நழுவுகிறது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்; பழியோ டயர் கம்பெனியின் மீது விழுகிறது.

இந்தச் சில பி.எஸ்.ஐ. எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் உச்சமான மோட்டோஜிபி பந்தயங்களே சான்று. அங்கே முன் டயருக்குக் குறைந்தபட்ச அழுத்தம் விதியாகவே இருக்கிறது. 2024 முதல் அது 1.8 பார், அதாவது சுமார் 26 பி.எஸ்.ஐ. மற்றொரு வண்டியின் பின்னால் ஒட்டி ஓட்டினால் குளிர்ந்த காற்று படாமல் முன் டயர் சூடாகி அழுத்தம் ஏறும்; தனியாக முன்னால் போனால் இறங்கும். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராம் தடத்தில் முன்னணியில் இருந்த மார்க் மார்க்கெஸ், அழுத்தம் விதியின் அளவுக்கு ஏறவேண்டும் என்பதற்காகவே தன் தம்பி அலெக்ஸை வேண்டுமென்றே முன்னே விட்டு, அவர் பின்னாலேயே நெடுநேரம் ஓட்டி, கடைசிச் சுற்றுகளில் மீண்டும் முந்தி வென்றார். அடுத்த மாதமே கத்தாரில் இரண்டாவதாக வந்த மாவெரிக் வின்யாலெஸுக்கு இதே விதியின்கீழ் 16 வினாடி தண்டம் விதிக்கப்பட, அவர் 14ஆம் இடத்துக்கு இறங்கினார். நம்முடைய 300, 400 சிசி வண்டிகளுக்கு அந்த விதி கிடையாது. அந்த இயற்பியல் உண்டு.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பியத் தட்பவெப்பத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. அங்கே டயரைச் சூடாக்குவது எப்படி என்பதே கவலை. பள்ளக்கோடுகள் இல்லாத பந்தய ஸ்லிக் டயர்களை மின்போர்வை சுற்றி 80 டிகிரி வரை சூடேற்றிய பிறகே தடத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். சென்னை வெயிலில், சாலைக்கான ஸ்போர்ட் டயரோடு மதிய வேளையில் ஓட்டுபவருக்கு அந்தப் போர்வை தேவையில்லை. நமக்கு நேரும் தொல்லை எதிர்த்திசையிலிருந்து வருவது: தார் ஏற்கெனவே கொதிக்கிறது, டயர் விரைவிலேயே தன் எல்லையைக் கடந்துவிடுகிறது. காலை முதல் அமர்வில் சரியாக இருந்த அளவு, பன்னிரண்டு மணி அமர்வில் பொருந்தாது. அதற்காக முதல் சுற்றிலேயே விரட்டலாம் என்று பொருளில்லை. பாம்புபோல வளைந்து வளைந்து ஓட்டி டயரைச் சூடாக்க முயல்வோரை இன்றும் பார்க்கிறேன். இருசக்கர வண்டியில் அதனால் பயன் மிகக் குறைவு, கீழே விழும் வாய்ப்புதான் அதிகம். வண்டி நிமிர்ந்திருக்கும்போது அழுத்தமாக முடுக்குவதும் பிரேக் பிடிப்பதுமே உண்மையில் சூடேற்றும்.

டயரின் இரு பக்கமும் ஒரேபோலச் சூடாவதில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஜெர்மனியின் சாக்சன்ரிங் தடத்தில் 13 வளைவுகளில் 10 இடப்புறம், 3 மட்டுமே வலப்புறம். தொடர்ச்சியான இடவளைவுகளுக்குப் பின் வரும் வேகமான 11ஆம் வளைவு வலப்புறம் திரும்புவது. அதற்குள் டயரின் வலப்பக்கம் ஆறிப்போயிருக்கும். உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள் அந்த ஓரிடத்தில் ஆண்டுதோறும் சரிகிறார்கள். நம் இருங்காட்டுக்கோட்டைத் தடம் கடிகாரத் திசையில் ஓடுவது. ஆகவே இங்கே கவனிக்கவேண்டியது இடப்பக்கம்.

இனி ஓட்டுபவரின் கைக்கு வருவோம். வளைவில் டயரின் பிடிமானத்தில் 80 விழுக்காட்டைச் செலவிட்டவருக்குப் பிரேக்குக்கு 20 விழுக்காடு மிஞ்சும் என்றுதான் தோன்றும். பக்கவாட்டு விசையும் முன்பின் விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்வதால், பித்தாகரஸ் கணக்கின்படி 60 விழுக்காடு மிஞ்சுகிறது. 95 விழுக்காடு செலவிட்டால்கூட 31 மிஞ்சும். வளைவுக்குள் நுழைந்தபின்னும் பிரேக்கைப் பிடித்திருந்து, சாய்வு கூடக் கூட மெல்ல விடுவது இதனால்தான் சாத்தியமாகிறது. ஆனால் இந்தக் கணக்கு திடீர் அசைவுகளை மன்னிப்பதில்லை. பிரேக்கைப் படிப்படியாக அழுத்தும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கி, எடை முன்னே வந்து, முன் டயர் விரிந்து, அதன்பின் அதிக விசையைத் தாங்கத் தயாராகிறது. அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் சட்டென்று பிடித்தால் அதே டயர் கைவிடும்.

உடலை வளைவின் உட்புறம் இறக்கி ஓட்டுவதால் டயருக்கு வேண்டிய பிடிமானம் குறைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். 64 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போக, உடல் எங்கிருந்தாலும், கிட்டத்தட்ட வண்டி மற்றும் ஓட்டுநரின் மொத்த எடைக்குச் சமமான பக்கவாட்டு விசை வேண்டும். உடலை இறக்குவதால் குறைவது வண்டியின் சாய்வு மட்டுமே. ஆனால் அதுவும் சிறிய லாபமில்லை, ஏனெனில் கால் வைக்கும் ஃபுட்பெக் தரையில் உரசாது, சஸ்பென்ஷனும் சாய்வு குறைந்த நிலையில் மேடுபள்ளங்களை நன்றாக உள்வாங்கும்.

என் நடைமுறை எளிது. காற்றழுத்தம் அளக்க ஒரே கேஜை நாள் முழுதும் பயன்படுத்துகிறேன். இரண்டு கேஜ்கள் ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை. அமர்வு முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே இரு டயர்களையும் அளந்து, நேரத்தையும் வெயிலின் நிலையையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறேன். டயர் தயாரிப்பாளர் தடத்துக்கென்று சொல்லும் சூடான அழுத்தத்தை இலக்காக வைத்து, மிகுந்த காற்றை அப்போதே வெளியேற்றுகிறேன். மாலையில் அதே வண்டியில் பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக வீடு திரும்புபவர்கள், டயர் முழுவதும் ஆறிய பிறகு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்குக் காற்றை மீண்டும் நிரப்பிக்கொண்டே கிளம்பவேண்டும்.