'நம்பர் சொல்லுங்க' என்ற பிறகு

ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பில் போடும்போது வாங்கும் செல்போன் எண் எங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்பது ஒரு புகார் வந்தபோதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. "உங்க கடையில புடவை எடுத்ததுல இருந்து யார் யாரோ கூப்பிடறாங்க தம்பி. என் நம்பரை எடுத்துடுங்க" என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். கடைக்காரர் அதை எங்களிடம் அனுப்பிவிட்டார்.

எங்கள் சர்வரில் அழிப்பது சுலபம். ஜிஎஸ்டிக்காகப் பல வருடம் பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும், உண்மைதான். ஆனால் சில்லறை பில்லுக்கு செல்போன் எண் தேவையே இல்லை. சிக்கல் வெளியே இருந்தது. தீபாவளி ஆஃபருக்காக மொத்தப் பட்டியலையும் எக்செல்லில் இறக்கி, எஸ்எம்எஸ் அனுப்பும் ஏஜென்சிக்கும் கிளை மேனேஜர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் கொடுத்திருந்தார்கள். பெயர், எண், திருமண நாள், வாங்கிய தொகை, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்த அம்மாவின் பெயருக்கு நேரே "பொண்ணு கல்யாண பர்ச்சேஸ், தை மாசம்" என்று யாரோ தட்டியிருந்தார்கள். நகைக்கடை, மண்டபம், கடன் கொடுப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் இதைவிட வேறென்ன வேண்டும்? படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. கவுண்டரில் நின்று ஆசையாகச் சொன்ன வீட்டு விசேஷம் அது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எண் தந்தால்தான் ஆயிற்று என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாதென 2023 மே மாதம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவை முடிந்த தகவலை அழிக்கச் சொல்கிறது. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஆனாலும் எங்கள் திரையில் எண் போடாமல் பில் நகராது. தர மறுப்பவர்களுக்கு கேஷியர் பத்து ஒன்பதுகளைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். மறுக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எங்கள் டேட்டாபேஸே சாட்சி.

அதைக் காட்டித்தான் மேலாளரிடம் வாதாடினேன். அடுத்த வெர்ஷனில் எண் கட்டாயமில்லை, குறிப்புக் கட்டமும் இல்லை. பட்டியலை இறக்க முதலாளியின் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். அந்த அம்மாவின் எண்ணை சர்வரிலிருந்து எடுத்தோம். ஏஜென்சியும் எடுத்துவிட்டதாக எழுதித் தந்தது. வாட்ஸ்அப்பில் போன கோப்பு எத்தனை போன்களில் கிடக்கிறது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடும்படி கடைக்காரரைக் கேட்டுக்கொண்டேன்.