ஐ915 ஏன் மெமரியை லேசில் விடுவதில்லை

லினக்ஸ் லேப்டாப்பில் மெமரி தீர்ந்து, அதன் மையமான கெர்னல் ஏதாவது ஒரு ப்ரோக்ராமைக் கொன்றுவிட்டால், அப்புறம் லாகில் (கெர்னலின் பதிவுக் குறிப்புகளில்) போய்த் தேடும்போது பலர் கண்ணில் முதலில் படுவது இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரான ஐ915 எழுதி வைத்த ஒரு வரிதான். ஜிபியு மெமரியைக் காலி செய்கிறேன், விடுபட்டது 0 பேஜ் (4 கேபி மெமரித் துண்டு), இன்னும் பின் ஆகியிருப்பது (எடுக்க முடியாதபடி பிடித்து வைத்திருப்பது) இத்தனை, மிச்சம் இத்தனை என்கிற மாதிரி இருக்கும். உடனே "கிராஃபிக்ஸ் டிரைவர்தான் எல்லாத்தையும் தின்னுடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது குற்றவாளியின் வாக்குமூலம் இல்லை. மெமரி தீர்ந்தால் ப்ரோக்ராமைக் கொல்லும் ஓஓஎம் கில்லரை அவிழ்த்துவிடும் முன் கெர்னல் கடைசியாக ஒரு முறை "உன்னிடம் ஏதாவது தேறுமா" என்று கேட்கிறது, ஐ915 கையை விரிக்கிறது, விரித்ததை எழுதியும் வைக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் தேறுவதில்லை என்பதுதான் விஷயம். இன்டெல்லின் இன்டகிரேட்டட் ஜிபியுவுக்குத் தனி மெமரி கிடையாது, நம் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. 2008 கடைசியில் 2.6.28 கெர்னலோடு, கிராஃபிக்ஸ் மெமரியை நிர்வகிக்கும் ஜெம் வந்ததிலிருந்து கிராஃபிக்ஸ் பஃபர்களுக்கு அடியில் இருப்பது ஷ்மெம் பேஜ்கள், அதாவது மெமரியிலேயே ஃபைல்களை வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ் பயன்படுத்தும் அதே சரக்கு. (அதனால்தான் மெமரிக் கணக்கைக் காட்டும் ப்ராக் மெம்இன்ஃபோவில் ஷ்மெம் எண்ணிக்கை சில சமயம் காரணமே தெரியாமல் வீங்கிக் கிடக்கும், கேஷை ட்ராப் செய்தாலும் இறங்காது.) 1920-க்கு 1080 திரையில், பிக்சலுக்கு 4 பைட் கணக்கில், ஒரே ஒரு ஃப்ரேம் 2025 பேஜ் பிடிக்கும். ஜிபியு வேலையை முடித்த பிறகும் டிரைவர் அந்தப் பேஜ்களின் பின்னை உடனே கழற்றுவதில்லை. கழற்றி மறுபடி மாட்டுவது செலவு, அடுத்த ஃப்ரேமுக்கே அது தேவைப்படலாம். பின் ஆன பேஜை கெர்னலின் வழக்கமான ரீக்ளெய்ம் (மெமரியை மீட்கும் வேலை) ஒன்றும் செய்ய முடியாது.

அதற்குத்தான் ஷ்ரிங்கர், கெர்னல் கேட்டால் மெமரியை விட்டுக்கொடுக்க டிரைவர் வைத்திருக்கும் பகுதி. கெர்னல் இரண்டு கேள்வி கேட்கிறது: எவ்வளவு தர முடியும், சரி, இவ்வளவு கொடு. இதில் கைக்குச் சுலபமாக வருவது, மெசா மாதிரியான கிராஃபிக்ஸ் லைப்ரரிகள் மறுபயன்பாட்டுக்காக ஒதுக்கி வைத்து 'இப்போதைக்கு வேண்டாம்' என்று குறித்திருக்கும் பஃபர்கள். பழைய பேப்பர்காரர் வந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசலில் கட்டி வைத்த கட்டு மாதிரி, அதை அப்படியே தூக்கிப் போடலாம். மற்றவற்றில் உள்ளடக்கம் முக்கியம், எனவே பின்னைக் கழற்றி ஷ்மெம்மிடம் திருப்பிக் கொடுத்து, அது ஸ்வாப்புக்கு (ரேமில் இடமில்லாததை ஒதுக்கி வைக்கும் இடம், பெரும்பாலும் டிஸ்க்கில்) போக வேண்டும். ஜிபியு இன்னும் பயன்படுத்திக்கொண்டிருப்பவற்றுக்காகக் காத்திருப்பது பின்னணியில் ஓடி மெமரியை மீட்கும் கேஸ்வாப்டிக்கு மட்டுமே அனுமதி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்வாப் இல்லையென்றால் ஐ915 அந்த இரண்டாவது வகையைத் தொடவே தொடாது, வாசலில் வைத்த கட்டு மட்டும்தான் மிச்சம். "16 ஜிபி ரேம் இருக்கு, ஸ்வாப் எதுக்கு" என்று அணைத்துவிட்டு, பிறகு அந்த 0 பேஜ் வரியைக் காட்டி டிரைவரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டிஸ்க் தேயும் என்ற பயம் இருந்தால் ஸீரேம் (ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஏற்பாடு) போடுங்கள், டிரைவருக்கு அதுவும் ஸ்வாப்தான்.

ஷ்ரிங்கர் எழுதுவதில் உண்மையான தலைவலி லாக்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட வைக்கும் பூட்டு. டிரைவர் தன் லாக்கைப் பிடித்துக்கொண்டு புது பேஜ் கேட்கிறது, மெமரி இல்லை, மெமரி ஒதுக்கும் அலொகேட்டர் ரீக்ளெய்முக்குப் போகிறது, அது ஷ்ரிங்கரைக் கூப்பிடுகிறது, ஷ்ரிங்கர் அதே லாக்கைக் கேட்கிறது. மாட்டிக்கொண்டது. அதனால் ஐ915 பேஜ் கேட்கும்போது முதலில் 'ரொம்ப முயற்சி செய்யாதே, இல்லையென்றால் இல்லை என்று சொல்' என்று கொடி (ஃப்ளாக்) வைத்துக் கேட்கும். கிடைக்காவிட்டால் தன் பஃபர்களைத் தானே சுருக்கிப் பார்க்கும். அதுவும் பலிக்காவிட்டால்தான் முழு ரீக்ளெய்மிடம் ஒப்படைக்கும்.

2010 ஜனவரியில் இந்தக் கொடிகளை ஒழுங்குபடுத்த ஒரு மாற்றம் போனது. ஓஓஎம் கில்லர் தேவையில்லாமல் கிளம்புகிறது என்ற புகாருக்கான மருந்து அது. போகிற போக்கில் அதற்கு முன் இருந்த இன்னும் சில கொடிகளும் மாறிப்போயின: 'நகர்த்தலாம்' என்ற மூவபிள் கொடி உள்ளே வந்தது, 'மீட்கலாம்' என்ற ரீக்ளெய்மபிள் கொடி காணாமல் போனது. விளைவு தெரிந்தது வேறு இடத்தில். இன்டெல் மெஷின்களை ஹைபர்னேட் செய்துவிட்டு (மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி அணைத்துவிட்டு)த் திரும்ப எழுப்பினால் மெமரி கண்டபடி சிதைந்தது. ஹைபர்னேட்டையும் கிராஃபிக்ஸ் அலொகேஷன் கொடியையும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

ஜூலையில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே மூவபிள் கொடியை எடுத்துவிட்டார். ரீக்ளெய்மபிள் தேவைப்படாது என்று நினைத்து அதைத் திருப்பி வைக்கவில்லை. சிக்கலைப் புகார் செய்தவர் ஸ்க்ரிப்ட் போட்டு ஹைபர்னேட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார், சில சுற்றுகளுக்குப் பிறகு மறுபடி விழுந்தது. அந்தக் கொடியையும் சேர்த்ததும் நின்றது. இரண்டாவது திருத்தத்தின் குறிப்பில் லினஸ், கொடி இல்லாமல் மெமரி ஏன் சிதைகிறது என்று தெரியவில்லை, நமக்குப் பிடிபடாத நுணுக்கமான காரணம் ஒன்று இருக்கும் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் இந்த மாதிரிக் குறிப்புகள், பத்து வருஷம் கழித்து அந்த வரியை அழிக்கலாமா என்று யோசிக்கிறவனுக்கு எத்தனை உதவி என்பது பழைய கோட் பராமரித்தவர்களுக்குத் தெரியும். மூவபிள் அதன்பின் வரவில்லை, ரீக்ளெய்மபிள் கொடி ஐ915-இன் ஷ்மெம் பஃபர் உருவாக்கும் கோடில் இன்னமும் இருக்கிறது.